முதலில் கேபிளின் இரண்டு முனையைத் தேடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில், பழைய ஸ்கசி (SCSI) டிஸ்க், ஸ்கேனர் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், உள்ளே இருப்பதை வெளியே எடுக்கப் பெரும்பாலும் வழி உண்டு, என்ன சிக்கல் என்று எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். நம் மாவட்டத்தில் இருந்தே நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. மார்த்தாண்டத்தில் இருந்து, குளச்சலில் இருந்து, நாகர்கோவிலில் இருந்து. வாசித்துப் பார்த்தால் முக்கால்வாசிப் பேருக்கு டிஸ்க் பழுதே இல்லை, கேபிள் மாட்டிய விதம்தான் தப்பு. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்கசி தெரியாத இளைய வாசகர்களுக்கு இரண்டு வரி. யுஎஸ்பி வருவதற்கு முன்னால் ஹார்டு டிஸ்க், ஸ்கேனர், சிடி ரைட்டர், ஜிப் டிரைவ் (தடித்த ஃபிளாப்பி மாதிரி ஒன்றைப் போடும் பெட்டி) எல்லாவற்றையும் ஒரே கேபிளில் வரிசையாகக் கோத்து ஓட்டிய ஏற்பாடு அது. 1986-ல் அமெரிக்காவில் தரநிலையாக வந்தது, அதே வருடம் வந்த மேக்கின்டோஷ் பிளஸ் அந்த சாக்கெட்டோடுதான் வந்தது. டிடிபி சென்டர், ஸ்டுடியோ, அச்சகம் என்று படத்தோடு வேலை செய்தவர்கள் 2000 வரைக்கும், அதற்கு அப்புறமும் கொஞ்ச காலம் இதை நம்பித்தான் இருந்தார்கள்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம் சார். அப்பா காலத்து கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. உள்ளே அடாப்டெக் 2940 என்ற ஸ்கசி கார்டு, அதில் ஒரு ஸ்கசி ஹார்டு டிஸ்க். வெளியே ஒரு ஜிப் டிரைவ், ஒரு ஸ்கேனர். கடை மாற்றும்போது எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்டினோம். அதற்கப்புறம் ஸ்கேனர் ஒரு நாள் தெரிகிறது, மறுநாள் தெரியவில்லை. டிஸ்க்கில் இருந்து பெரிய ஃபைல் காப்பி பண்ணினால் பாதியில் நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டரில் இருந்து ஜிப்புக்கு ஒரு கேபிள், ஜிப்பில் இருந்து ஸ்கேனருக்கு இன்னொரு கேபிள். ஜிப்பில் டெர்மினேஷன் என்று ஒரு சுவிட்ச் ஆனில் இருக்கிறது. ஸ்கேனரின் இன்னொரு சாக்கெட் காலி. டிஸ்க் போய்விட்டதா? அதில்தான் அப்பா ஸ்கேன் பண்ணி வைத்த பழைய கல்யாணப் படங்கள் எல்லாம் இருக்கின்றன.

பதில்: முதலில் ஒரு காரியம். இந்தப் பதிலை வாசித்து முடித்து வயரைச் சரி பண்ணும் வரைக்கும் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். ரிப்பேர் புரோகிராம் எதையும் ஓட்டவே ஓட்டாதீர்கள். கேபிள் கோளாறால் தப்பாக வாசிக்கப்பட்டதை டிஸ்க்கின் கோளாறு என்று அந்தப் புரோகிராம் நினைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிற ஃபைலைத் திருத்தி எழுதிவிடும். டிஸ்க்கைவிட அதுதான் பெரிய ஆபத்து.

நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்கசியில் எல்லாச் சாதனமும் ஒரே கம்பிக் கற்றையைப் பங்குபோட்டுக்கொள்கிறது. ஒன்று பேசும்போது சிக்னல் அந்தக் கற்றையின் இரண்டு பக்கமும் ஓடும். ஓடிப் போய் முனையில் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். ஒரு நீளமான கயிற்றை தென்னையில் கட்டி மறுமுனையைக் கையில் பிடித்து ஓர் உதறு உதறிப் பாருங்கள், அலை மரம் வரை போய் முட்டித் திரும்ப உங்கள் கைக்கே வரும். கேபிளின் முனை சும்மா விடப்பட்டிருந்தால் சிக்னலும் அப்படித்தான் திரும்பி வரும், வந்து பின்னால் வருகிற புது சிக்னலோடு கலந்துவிடும். ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் வாசிக்கும். சின்ன ஃபைல் தப்பித்துப் போய்விடும், பெரிய ஃபைல் எங்கேயாவது ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும். நீங்கள் பார்ப்பது அதுதான். டெர்மினேட்டர் என்பது முனைக்கு வந்த சிக்னலை அங்கேயே உறிஞ்சிக்கொள்ளும் ரெசிஸ்டர் கூட்டம், வேறு ஒன்றும் இல்லை.

அது கற்றையின் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். நடுவில் இருக்கவே கூடாது. ஒன்று போதாது, மூன்று ஆகாது.

உங்கள் கற்றை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க் ஒரு முனை. அங்கிருந்து ரிப்பன் கேபிள் வழியாகக் கார்டு, கார்டுக்குப் பின்னால் ஜிப், ஜிப்புக்குப் பின்னால் ஸ்கேனர். ஸ்கேனர்தான் மறுமுனை. இப்போது நடுவில் இருக்கும் ஜிப்பில் டெர்மினேஷன் ஆன், முனையில் இருக்கும் ஸ்கேனரில் ஒன்றும் இல்லை. இது அப்படியே தலைகீழ். கடை மாற்றும் முன்னால் ஸ்கேனர் நடுவிலும் ஜிப் கடைசியிலும் இருந்திருக்க வேண்டும், அந்த சுவிட்ச் ஆனில் இருப்பதே அதற்குச் சாட்சி. உங்கள் அப்பா சரியாகத்தான் மாட்டியிருந்திருக்கிறார்.

அதனால் காசு செலவழிக்காமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்து ஸ்கேனருக்கும் ஸ்கேனரில் இருந்து ஜிப்புக்கும் மாட்டுங்கள். ஜிப்பின் சுவிட்ச் ஆனிலேயே இருக்கட்டும். கேபிள்களின் வாய் பொருந்தவில்லை என்றால் பழைய வரிசையிலேயே விட்டு ஜிப் சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டு, ஸ்கேனரின் காலி சாக்கெட்டில் ஒரு டெர்மினேட்டர் பிளக் வாங்கிச் செருக வேண்டும். வாங்கும்போது ஆக்டிவ் டெர்மினேட்டர் என்று கேட்டு வாங்குங்கள், காரணம் அப்புறம் சொல்கிறேன்.

அடுத்தது கார்டு. உள்ளே டிஸ்க், வெளியே ஸ்கேனர் என்று இரண்டு பக்கமும் கேபிள் போவதால் கார்டு இப்போது நடுவில் இருக்கிறது, ஆகவே அதன் சொந்த டெர்மினேஷன் ஆஃபில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது அடாப்டெக் என்று எழுத்து வருமே, அப்போது கண்ட்ரோல் கீயோடு ஏ-வை அழுத்தினால் கார்டின் செட்டிங் திரை வரும். அதில் கார்டின் டெர்மினேஷன் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாள் வெளிச் சாதனங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள் டிஸ்க்கை மட்டும் ஓட்டுவதாக இருந்தால் அன்றைக்குக் கார்டு ஒரு முனை ஆகிவிடுகிறது, அப்போது அதை ஆன் பண்ண வேண்டும். இந்த ஒன்றை மறந்துதான் பலர், "எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன், இன்னும் சரியாகவில்லை" என்கிறார்கள்.

உள் டிஸ்க்கையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். ரிப்பன் கேபிளின் கடைசிப் பிளக்கில் அது இருக்கிறதா, நடுப் பிளக்கில் இருக்கிறதா? நடுவில் மாட்டி மீதிக் கேபிள் சும்மா தொங்கினால் அந்தத் தொங்கலின் நுனிதான் முனை, அங்கே டெர்மினேட்டர் இல்லை. கடைசிப் பிளக்குக்கு மாற்றுங்கள். டிஸ்க்கின் அடியில் டிஇ (TE) என்ற எழுத்துள்ள ஜம்பர், அதாவது இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி, இருக்கும், அல்லது இன்னும் பழைய டிஸ்க்காக இருந்தால் சீப்பு மாதிரி நீளமான ரெசிஸ்டர் பேக்குகள் வரிசையாகச் செருகியிருக்கும். முனையில் இருக்கும் டிஸ்க்கில் அவை இருக்க வேண்டும். எப்போதாவது கழற்ற நேர்ந்தால் ஒரு சின்னக் கவரில் போட்டு அந்த டிஸ்க்கின் மேலேயே டேப் ஒட்டி வைத்துவிடுங்கள், தொலைந்தால் அதே மாதிரி கிடைப்பது கஷ்டம். திரும்பச் செருகும்போது பேக்கில் புள்ளி போட்ட பக்கம் பலகையில் ஒன்று என்று குறித்த பக்கத்துக்கு வர வேண்டும்.

மூன்று ஏன் ஆகாது என்று கேட்பீர்கள். பழைய பாசிவ் டெர்மினேட்டரில் ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் 5 வோல்ட் பக்கம் 220 ஓம், கிரவுண்ட் பக்கம் 330 ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர். ஒரு சாதனம் அந்தக் கம்பியைக் கீழே இழுக்கும்போது ஒரு டெர்மினேட்டரில் இருந்து சுமார் 20 மில்லியாம்பியர் அதன் தலையில் விழும். இரண்டு இருந்தால் 40. சாதனத்தில் உள்ள சிப் 48 வரை தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். மூன்றாவது வந்தால் 60 பக்கம் போய்விடும், சிப்பால் கம்பியைச் சரியாகக் கீழே இழுக்க முடியாது. சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது, நாளடைவில் சிப்பே போகலாம். "கூட ஒன்று போட்டால் இன்னும் நல்லதுதானே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆக்டிவ் என்று சொன்னேனே, அதில் உள்ளே ஒரு ரெகுலேட்டர் இருந்து 2.85 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும், அதில் இருந்து ஒவ்வொரு கம்பிக்கும் 110 ஓம். பாசிவ் டெர்மினேட்டருக்கு வரும் 5 வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் கம்பியின் அளவும் சேர்ந்து இறங்கும். ஆக்டிவில் அது இல்லை.

நீளத்தையும் அளந்துவிடுங்கள். உங்கள் கார்டு ஓடும் வேகத்துக்கு உள்ளே உள்ள ரிப்பன், வெளியே உள்ள கேபிள்கள் எல்லாம் சேர்த்து 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பழைய மெதுவான ஸ்கசிக்கு 6 மீட்டர் வரை போகலாம். செட்டிங் திரையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் வேகத்தைக் குறைக்க இடம் உண்டு. படங்களைக் காப்பி எடுத்து முடிக்கும் வரை குறைத்தே வையுங்கள், ஒரு மணி நேரம் கூட ஆனால் ஆகட்டும்.

எல்லாம் சரியானதும் ஆன் பண்ணும் வரிசை: முதலில் ஸ்கேனர், ஜிப், கடைசியில் கம்ப்யூட்டர். அப்புறம் லினக்ஸ் சிடி ஒன்றில் பூட் பண்ணி, டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற புரோகிராமால் முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் ஃபைலாக வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். படங்களைத் தேடிப் பிரிப்பது எல்லாம் அந்த இமேஜில்தான், மூல டிஸ்க்கைத் திரும்பத் தொட வேண்டாம். 2940-க்கான டிரைவர் லினக்ஸில் வெகுகாலமாகவே இருக்கிறது, தனியாக எதையும் தேட வேண்டியதில்லை.

கேள்வி: ஐடி நம்பர் பெரியதாக இருக்கிற சாதனம்தான் கடைசி, அதில்தான் டெர்மினேட்டர் போட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். சரியா? (தக்கலை)

பதில்: சரியில்லை. ஐடி என்பது பெயர் மாதிரி, இருக்கும் இடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கேபிளின் நடுவில் இருப்பதற்கு 0 வைக்கலாம், முனையில் இருப்பதற்கு 3 வைக்கலாம், கேபிள் எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் டெர்மினேட்டர்.

ஐடியில் கவனிக்க வேண்டியது வேறு. 50 பின் ஸ்கசியில் 0 முதல் 7 வரை எட்டு நம்பர், அதில் 7 வழக்கமாகக் கார்டுக்கு, ஏனென்றால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச வந்தால் பெரிய நம்பருக்குத்தான் முதலிடம். மீதி ஏழும் உங்களுக்கு, ஆனால் ஒரே நம்பர் இரண்டு சாதனத்துக்கு வரக் கூடாது. டிஸ்க்கில் மூன்று ஜம்பர் இருக்கும், அவற்றின் மதிப்பு 1, 2, 4. ஐடி 5 வேண்டுமானால் 1-ம் 4-ம். ஜிப் டிரைவில் 5 அல்லது 6 மட்டும்தான், வேறு வழியில்லை, அதனால் மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஒரே ஸ்கேனர் எல்லா நம்பரிலும் வரிசையாகத் தெரிந்தால் அது கார்டின் நம்பரிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: குளச்சலில் கடற்கரைப் பக்கம் சிறிய அச்சகம். ஐம்பது பின் டெர்மினேட்டர் பிளக் இரண்டு இருக்கிறது, இரண்டிலும் பச்சை பிடித்திருக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா? நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: கடலோரத்தில் இதைத் தப்பிக்கவே முடியாது. உப்புக் காற்று, அதோடு நமக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். முட்டத்தில் ஒரு நண்பரின் ஸ்டுடியோவில் இரண்டே வருடத்தில் கேபிள் வாயெல்லாம் பச்சையாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். தூக்கிப் போடாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை பழைய டூத்பிரஷில் தொட்டு நன்றாகத் தேய்த்து, முழுவதும் காயவிட்டு, அப்புறம் செருகி எடுத்துச் செருகி எடுத்து நாலைந்து தடவை செய்யுங்கள். உப்புத்தாள் போடக் கூடாது, மேலே உள்ள பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்குள் முன்னைவிட மோசமாகிவிடும். தேய்த்த பிறகும் குழி விழுந்து கறுப்பாக இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

அளந்து பார்க்க மல்டிமீட்டர் போதும். பிளக்கை எதிலும் மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு, மீட்டரை ஓமில் வையுங்கள். அந்த அகலமான ஐம்பது பின் பிளக்கில் இரண்டு வரிசை, 1 முதல் 25 வரை ஒன்று, 26 முதல் 50 வரை மற்றொன்று. முதல் வரிசை ஏறக்குறைய முழுவதும் கிரவுண்ட். இரண்டாவது வரிசையின் நட்டநடுவில் இருக்கும் 38-தான் டெர்மினேட்டருக்கு கரண்ட் வரும் பின். பாசிவ் டெர்மினேட்டராக இருந்தால் 38-க்கும் 1-க்கும் இடையில் சுமார் 30 ஓம் காட்ட வேண்டும். இது எங்கிருந்து வருகிறது என்றால், 220-ம் 330-ம் சேர்ந்து 550, அப்படி 18 சிக்னல் கம்பிகள் பக்கம் பக்கமாக, 550-ஐ 18-ஆல் வகுத்தால் 30 சொச்சம்.

ஆனால் இது மட்டும் போதாது. பதினெட்டில் ஒன்று விட்டுப்போயிருந்தால் 30 என்பது 32 ஆகும், அவ்வளவுதான், உங்கள் மீட்டரில் வித்தியாசமே தெரியாமல் போகலாம். அதனால் மீட்டரின் ஒரு கம்பி நுனியை 38-லேயே வைத்துக்கொண்டு, மற்றதை 26 முதல் 34 வரை ஒவ்வொன்றாகவும், அப்புறம் 41, அப்புறம் 43 முதல் 50 வரை ஒவ்வொன்றாகவும் தொட்டுப் பாருங்கள். எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அளவு, 137 ஓம் பக்கம், காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அந்தப் பின்னைத் திரும்பத் துடையுங்கள், அப்படியும் மாறவில்லை என்றால் உள்ளே ரெசிஸ்டர் போயிருக்கிறது. இது பாசிவுக்கு மட்டும். ஆக்டிவ் டெர்மினேட்டரில் ஐசி இருப்பதால் இந்த அளவு வராது, வரவில்லை என்பதற்காகக் கெட்டது என்று எண்ணிவிட வேண்டாம்.

டெர்மினேட்டர் நன்றாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் அந்த 38-க்கு 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கார்டு கொடுக்கிறது, கார்டில் அதற்கென்று ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும். உள் ரிப்பனைத் தலைகீழாகச் செருகிய இடங்களில் அது போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ரிப்பனின் சிவப்புக் கோடு ஒன்றாம் பின் பக்கம், இதை மட்டும் மறக்காதீர்கள். பயன்படுத்தாத நேரத்தில் பிளக்குகளை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள், செருப்புப் பெட்டியில் வருகிற பொட்டலமே போதும்.

கேள்வி: அண்ணா, நாகர்கோவிலில் பி.இ. படிக்கிறேன். ஒரு பழைய சர்வரில் இருந்து 68 பின் டிஸ்க் ஒன்று கிடைத்தது. 68-50 அடாப்டர் வாங்கிப் பழைய 50 பின் கேபிளின் கடைசியில் மாட்டினேன். பெயர் தெரிகிறது, ஃபார்மேட் பாதியில் எரர். டிஸ்க்கில் டெர்மினேஷன் ஜம்பரே இல்லை.

பதில்: இல்லாததுதான் காரணம் தம்பி. எல்விடி (LVD, குறைந்த வோல்ட் டிஃபரென்ஷியல்) என்று வந்த அந்தத் தலைமுறை டிஸ்க்குகளில் டெர்மினேட்டரே வைக்கமாட்டார்கள், அது கேபிளின் நுனியில் தனியாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் டிஸ்க்கைக் கடைசிக்கு முந்தின பிளக்குக்கு மாற்றிவிட்டு, கடைசிப் பிளக்கில் ஒரு 50 பின் ஆக்டிவ் டெர்மினேட்டர் போடு.

இன்னொன்றும் இருக்கிறது. 68 பின் டிஸ்க் 16 பிட், உன் கேபிள் 8 பிட். மேல் பாதியின் எட்டு டேட்டா கம்பியும் பிழை சரிபார்க்கும் ஒரு பாரிட்டி கம்பியும் அடாப்டரிலேயே நின்றுபோகின்றன. அவற்றை அந்தரத்தில் விடக் கூடாது. ஹை பைட் (அந்த மேல் பாதி) டெர்மினேஷன் உள்ள அடாப்டர் என்று கேட்டு வாங்க வேண்டும், விலை மலிவான பலவற்றில் அது இருக்காது. 80 பின் டிஸ்க் யாராவது கொடுத்தாலும் இதே கதைதான், அதில் கூடுதலாக ஐடி ஜம்பரும் அடாப்டரில்தான் இருக்கும்.

50 பின் பாதையில் மாட்டியதும் அந்த டிஸ்க் பழைய முறைக்கு இறங்கி வந்து மெதுவாகத்தான் ஓடும், அது கோளாறு இல்லை. ஆனால் எச்விடி (HVD, உயர் வோல்ட் டிஃபரென்ஷியல்) அல்லது டிஃபரென்ஷியல் என்று மட்டும் எழுதியிருக்கும் சாதனம் கிடைத்தால் இதில் செருகாதே. பிளக் பொருந்தும், உள்ளே மின்சாரம் பொருந்தாது, இரண்டு பக்கமும் எரியலாம்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய லேபில் கறுப்பு வட்ட வயரால் ஒன்றோடு ஒன்று இணைத்த நெட்வொர்க். மாணவர்களுக்குக் காட்டலாம் என்று ஓட்டினால் ஒரு கம்ப்யூட்டரைக் கழற்றியதும் மொத்தமும் நின்றுவிடுகிறது. (கருங்கல்)

பதில்: இதுவும் அதே கயிறுதான் டீச்சர். இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் வேண்டும், கம்ப்யூட்டரை எடுக்கும்போது டி (T) வடிவ கனெக்டரை வயரிலேயே விட்டுவிட்டு கார்டில் இருந்து மட்டும் உருவ வேண்டும். நீங்கள் வயரையே பிரித்திருப்பீர்கள், அந்த நொடியில் இரண்டு புது முனை உண்டாகிவிட்டது, அவற்றில் டெர்மினேட்டர் இல்லை. டி கனெக்டருக்கும் கார்டுக்கும் நடுவில் தனி வயர் போட்டு நீட்டவும் கூடாது. மொத்த நீளம் 185 மீட்டர், அதில் 30 இணைப்பு வரை தாங்கும், உங்கள் லேபுக்கு அது தாராளம். பிள்ளைகள் முன்னாலேயே ஒரு டெர்மினேட்டரை எடுத்துக் காட்டுங்கள், நெட்வொர்க் நிற்கும், திரும்பப் போட்டால் ஓடும், பாடம் அங்கேயே புரிந்துவிடும்.

கேள்வி: குலசேகரத்தில் இருந்து எழுதுகிறேன் தம்பி, ஓய்வுபெற்ற ஆசிரியை. என் கணவர் அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஊர்களில் நடந்து நடந்து வில்லுப்பாட்டுகளைக் கேட்டு எழுதி, ஒரு சின்ன மேக்கின்டோஷ் எஸ்இ-யில் டைப் பண்ணி வைத்திருந்தார். அவர் இப்போது இல்லை. மெஷின் ஆன் ஆகிறது, உள் டிஸ்க் சத்தம் போட்டு நின்றுவிடுகிறது. வெளியே ஒரு டிஸ்க் பெட்டி, அதில்தான் இரண்டாவது பிரதி வைத்திருப்பதாகச் சொல்வார். பேரன் எஸ்டி கார்டு போடும் ஒரு பலகையை வாங்கி வந்திருக்கிறான். அதில் டெர்மினேஷன் ஆன் பண்ண வேண்டுமா என்று கேட்கிறான்.

பதில்: அம்மா, அந்த இரண்டாவது பிரதி இருக்கிறது என்பதே பெரிய நிம்மதி. அதை மனதில் வைத்துத்தான் எல்லாம் செய்ய வேண்டும்.

பேரனிடம் இதைக் கொடுங்கள். அந்தப் பலகை பழைய உள் டிஸ்க் இருந்த இடத்தில், அதே ரிப்பனில் உட்காரப் போகிறது. அது கற்றையின் ஒரு முனை, ஆகவே டெர்மினேஷன் ஆன். வெளியே ஒன்றும் மாட்டாத வரை பாதை ரொம்பச் சிறியது என்பதால் இந்த ஒன்றிலேயே எஸ்இ ஓடிவிடும். முதலில் அப்படி ஓட்டி, பலகையில் இருந்து மேக் நன்றாகத் தொடங்குகிறதா என்று இரண்டு நாள் பார்க்கட்டும். அப்புறம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெளி டிஸ்க் பெட்டியை மாட்ட வேண்டும், அப்போது பெட்டிதான் மறுமுனை, அதன் இரண்டாவது சாக்கெட்டில் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். பெட்டிக்குள்ளேயே டிஸ்க்கில் ரெசிஸ்டர் பேக் இருந்தால் வெளியே இன்னொன்று போடக் கூடாது, அதனால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டே முடிவு பண்ணட்டும். ஐடியும் பார்க்க வேண்டும். மேக்குக்கு 7, உள் டிஸ்க்குக்கு வழக்கமாக 0, ஆகவே பலகைக்கு 0, பெட்டிக்கு வேறு ஏதாவது.

ஒரு எச்சரிக்கை. மேக்கின் பின்னால் உள்ள ஸ்கசி சாக்கெட் 25 பின். பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரின் பிரிண்டர் சாக்கெட்டும் பார்வைக்கு அச்சு அசல் அதேதான். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு நண்பருடைய டிஸ்க் பெட்டியை அவசரத்தில் பிரிண்டர் சாக்கெட்டில் செருகி ஆன் பண்ணிவிட்டேன். பிரிண்டர் போர்ட் அன்றோடு போயிற்று, டிஸ்க் பிழைத்தது. அது பிழைக்காமல் போயிருந்தால் அவருக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பெட்டியின் கேபிளில் இப்போதே ஒரு பிளாஸ்திரி ஒட்டி "மேக்குக்கு மட்டும்" என்று எழுதிவிடச் சொல்லுங்கள்.

பெட்டி தெரிந்ததும் அதில் இருந்து பலகைக்கு முழுவதையும் காப்பி எடுங்கள், பெட்டியில் எதையும் எழுத வேண்டாம். காப்பி எடுக்கும்போது பாட்டு ஃபைல்களை மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள் அம்மா. அந்தக் காலத்தில் தமிழுக்கு யூனிகோடு புழக்கத்தில் இல்லை. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு எழுத்து வரிசை வைத்திருந்தது. டேம், டேப் (TAM, TAB) என்று தமிழக அரசு ஒரு பொது முறையை அறிவித்ததே 1999-ல்தான். அவர் டைப் பண்ணிய எழுத்துரு இல்லாமல் ஃபைலை இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும், எந்தக் குறி எந்தத் தமிழ் எழுத்து என்று சொல்லும் சாவி அந்த எழுத்துருதான். எழுத்துரு இருப்பது சிஸ்டம் ஃபோல்டர் என்ற இடத்தில், பெட்டியில் அது இருந்தால் அப்படியே முழுதாக எடுங்கள். அப்புறம் ஒரே ஒரு பாட்டை மேக்கிலேயே திறந்து, திரையில் தமிழ் தெரிகிறபடி ஒரு போட்டோ எடுத்து, அந்த ஃபைலோடும் எழுத்துருவோடும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். திரையில் உள்ள தமிழையும் ஃபைலில் உள்ள குறிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்று அட்டவணையை நானே போட்டுத் தருகிறேன், மீதிப் பாட்டுகளைப் பேரன் ஒரு மாலையில் மாற்றிவிடுவான்.